பத்திரத்துக்கு முன்னால் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்



பணி ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வரும் போன் அழைப்புகளில் பாதி, வீடு வாங்குவது விற்பது பற்றியவை. வகுப்பில் இருந்தபோது கணக்கு மட்டும் கேட்டார்கள். இப்போது பட்டா, பத்திரம், போர்வெல் வரை கேட்கிறார்கள். வாங்குகிறவர், விற்கிறவர் இருவருமே என்னிடம் படித்தவர்களாக இருந்துவிட்டால் பஞ்சாயத்தும் என் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிடுகிறது. ராசிபுரம் சின்ன ஊர். அப்படி அடிக்கடி நடக்கிறது.

போன மாதம் மட்டும் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், அக்ரிமெண்ட் போட்டாச்சு. பத்திரம் இன்னும் ஆகலை. இப்ப வீட்டுல ஒரு பழுது தெரியுது. விக்கிறவங்ககிட்ட கேக்கலாமா? கேட்டா தப்பா நினைப்பாங்களா?" மூவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே எல்லோருக்குமாக எழுதிவைக்கிறேன். நீளமான பதிவுதான். ஞாயிற்றுக்கிழமை காலைக் காபியோடு பொறுமையாகப் படியுங்கள்.

நம் பக்கத்து ஆட்கள் காகிதத்தில் கெட்டிக்காரர்கள். முப்பது வருட வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்ப்பார்கள். மூலப் பத்திரம் கேட்பார்கள். பட்டாவில் பெயர் மாறியிருக்கிறதா, வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்களா, வடபுறம் பொதுச்சுவரா தனிச்சுவரா என்று வக்கீலிடம் துருவித் துருவிக் கேட்பார்கள். அதெல்லாம் அவசியம்தான். ஆனால் நாற்பது லட்சம் கொடுத்து வாங்கப் போகும் வீட்டை எத்தனை நேரம் பார்த்தீர்கள் என்று கேட்டால் அரைமணி நேரம் என்பார்கள். அந்த அரைமணியிலும் வாசல் எந்தத் திசை, சமையலறை எந்த மூலை, பூஜை அறை எங்கே என்பதிலேயே பாதி போய்விடும். மாடிக்கு ஏறிப் பார்த்தவர்கள் குறைவு. ஒவ்வொரு அறையிலும் அண்ணாந்து பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

பார்க்கும் காலமும் ஒரு காரணம். நம் சேலம், நாமக்கல் பக்கம் வீடு பார்ப்பது பெரும்பாலும் தை பிறந்து கோடை வரைக்கும். அப்போது எந்தத் தார்சும் ஒழுகாது. சுவர் காய்ந்து, வெள்ளையடித்து, பார்க்க லட்சணமாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதே வீட்டுக்குள் போய் நின்றால்தான் அதன் உண்மையான ஜாதகம் தெரியும்.

சரி, அட்வான்ஸ் கொடுத்த பிறகு பழுது தெரிந்தால் கேட்கலாமா? கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். கேட்பதற்கு அதுதான் நல்ல காலமும்கூட. பத்திரம் பதிந்து பணம் முழுவதும் கைமாறிய பிறகு கேட்டால், கோர்ட் வாசலைத் தவிர வேறு வழி அநேகமாக இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் விஷயத்துக்கு உங்கள் வக்கீலைக் கேளுங்கள். ஆனால் இந்த அளவு எல்லோரும் தெரிந்துவைத்திருக்கலாம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன் 55ஆவது பிரிவு விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உள்ள கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. விற்பவரின் முதல் கடமை இது: சொத்திலோ உரிமையிலோ முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், அதை விற்பவரே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மறைப்பதை மோசடி என்றே அந்தப் பிரிவு சொல்கிறது.

இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். சாதாரணமாகப் பார்த்தாலே தெரியும் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று இந்தப் பிரிவு சொல்லவில்லை. கண்ணெதிரே விரிசல் விட்ட சுவரைப் பார்த்துவிட்டு விலை பேசினால், பிறகு "எனக்குச் சொல்லவில்லை" என்று நிற்க முடியாது. அதனால்தான் அண்ணாந்து பாருங்கள் என்கிறேன்.

அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து வீட்டை ஒப்படைக்கும் நாள் வரை, விவேகமுள்ள ஒரு சொந்தக்காரர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படி விற்பவர் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். "அக்ரிமெண்ட் போட்டாச்சு, இனி அவங்க வீடு" என்று மோட்டார் கெட்டதையும் குழாய் உடைந்ததையும் அப்படியே விடக்கூடாது. கிரயப் பத்திரம் பதியும் வரை வீடு விற்பவருடையதுதான். வெறும் கிரய ஒப்பந்தத்தால் வாங்குபவருக்கு வீட்டின் மேல் உரிமை வந்துவிடாது. உரிமை கைமாறிய பிறகு, விற்பவரின் காரணமில்லாமல் வரும் சேதம் வாங்குபவரின் தலையில். ஆக, பதிவு நாள் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் பேசுவது சுலபம், அந்தப் பக்கம் கஷ்டம்.

இவையெல்லாம் இரு தரப்பும் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரைக்கும் பொருந்தும். "உள்ளது உள்ளபடி" என்ற வாசகத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சட்டம் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கு ஒரு விஷயம் சொல்கிறேன். இரு வீட்டாரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம்.

ஆத்தூர் சாலைப் பக்கம் ஒரு தெரு. 1986இல் கட்டிய தார்சு வீடு. கட்டியவர் பட்டுத்தறி நெசவாளர். நம் ஊர்ப் பட்டுச்சேலைக்கு இருந்த பேரில், கைத்தறிக் கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டிய வீடு அது. அவர் காலமாகிவிட்டார். மகன் என் மாணவர், கோவையில் மில் வேலை. அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போக வேண்டும் என்பதால் வீட்டை விற்க முடிவு செய்தார். வாங்க வந்தவரும் என் மாணவிதான். நர்ஸ் வேலை. கணவர் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். விலை 38 லட்சம். அட்வான்ஸ் 5 லட்சம். மூன்று மாதத் தவணையில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்தார்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மீதிக்கு வங்கிக் கடன்.

ஆவணியில் ஒப்பந்தம். ஐப்பசியில் நித்திய சுமங்கலி மாரியம்மன் திருவிழா நெருங்கும் நேரம், நான்கு நாள் விடாத மழை. பால் காய்ச்ச நாள் பார்ப்பதற்காக அளவெடுக்கப் போன அந்தப் பெண், பின் அறையில் தரையெல்லாம் ஈரமாக இருப்பதைப் பார்த்திருக்கிறாள். தார்சில் ஓர் இடத்தில் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிந்திருக்கிறது. பயந்துபோய் மறுநாளே ஒரு கொத்தனாரைக் கூட்டிப்போய் வீடு முழுக்கப் பார்த்து, 23 குறைகள் எழுதிய பட்டியலை வாட்ஸ்அப்பில் கோவைக்கு அனுப்பிவிட்டாள். கடைசி வரி: "இதையெல்லாம் சரி செய்து கொடுத்தால்தான் பத்திரம்."

அன்று இரவே அவர் எனக்குப் போன் செய்தார். "பாருங்க சார், எங்கப்பா ஒத்தத் தறி ஓட்டிக் கட்டின வீடுங்க. ஏதோ இடிஞ்சு விழப்போற வீடு மாதிரி எழுதியிருக்காங்க. பேசின பேச்சு என்னாச்சு? அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துடறேன், வேற வீடு பாத்துக்கச் சொல்லுங்க." அரைமணி கழித்து அந்தப் பெண். "சார், முப்பத்தெட்டு லட்சம் சார். இருபது வருஷத்துக்குக் கடன் கட்டணும். ஒழுகுற வீட்டை வாங்கிட்டு எங்க மாமியாகிட்ட என்னனு சொல்றது?"

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். நடுவில் இருந்த புரோக்கரோ, இந்தப் பக்கம் "பழைய வீடுன்னா அப்படித்தாங்க இருக்கும்" என்றும், அந்தப் பக்கம் "இவங்க விலையைக் குறைக்கப் பாக்குறாங்க" என்றும் சொல்லி வைத்திருந்தார்.

இந்த மனத்தாங்கலை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். நம் வழக்கத்தில் வெற்றிலை பாக்கு மாற்றி அட்வான்ஸ் வாங்கிவிட்டால் பேச்சு முடிந்துவிட்டது. அதன் பிறகு எது கேட்டாலும் பேச்சு மாறுவதாகத்தான் விற்கிறவர் காதில் விழும். அதிலும் விற்பது அப்பா கட்டிய வீடு என்றால், ஒவ்வொரு குறையும் அப்பாவைச் சொன்ன மாதிரி. வாங்குகிறவருக்கோ அது கல்லும் மண்ணும் கடனும். ஒரே பட்டியல், படிக்கிற இரண்டு பேருக்கு இரண்டு பொருள்.

"ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை அந்த வீட்டுக்கு வாங்க, நானும் வர்றேன். அதுவரைக்கும் யாரும் யாருக்கும் மெசேஜ் போடாதீங்க" என்றேன். சிவில் இன்ஜினியராக இருக்கும் இன்னொரு மாணவரையும், ஏணியோடு ஒரு மேஸ்திரியையும் அழைத்துக்கொண்டு போனேன்.

23 குறைகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி போட்டேன்.

ஒன்று, இதனால் உயிருக்கோ கட்டடத்துக்கோ ஆபத்து உண்டா?
இரண்டு, விலை பேசிய நாளில் இது கண்ணுக்குத் தெரிந்ததா?
மூன்று, விற்கிறவருக்கு இது முன்பே தெரியுமா?

ஆபத்தும் இல்லை, அன்றே கண்ணுக்கும் தெரிந்தது என்றால் அது விலையில் அடங்கிவிட்டது, அடித்துவிடலாம். பெயின்ட் உரிந்தது, ஜன்னல் கொக்கி, பாத்ரூம் டைல்ஸ் பழைய மாடல், கேட் துரு, சமையலறை மேடை உயரம் குறைவு எனப் பதினைந்துக்கு மேல் அப்படியே போய்விட்டன. போர் மோட்டாரை ஒருமணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். தண்ணீர் குறையவில்லை. அதுவும் போயிற்று. சுவர் விரிசல்களில் பெரும்பாலானவை பூச்சில் விட்ட மயிரிழை விரிசல்கள். ஜன்னல் மேல்மூலையிலிருந்து சாய்வாகப் போன ஒன்றுக்கு மட்டும், இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதச் சொன்னார் இன்ஜினியர். பதிவு நாள் வரை அது கோட்டைத் தாண்டவில்லை. நீங்களும் இதைச் செய்யலாம், காசு செலவில்லை.

பட்டியலில் பதினொன்றாவதாக இருந்தது இது: "முன் அறையில் தரை ஓரிடத்தில் இறங்கியிருக்கிறது." அந்த இடத்துக்கு வந்ததும் மகன் முகம் சுருங்கியது. அது அவருடைய அப்பாவின் தறிக்குழி. குழித்தறியைப் பிரித்த பிறகு மண்ணைக் கொட்டி மூடி மேலே சிமென்ட் பூசியிருக்கிறார்கள். மண் இறங்கிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு இது தெரியாது. தெரிந்ததும், "எனக்குத் தெரியாதுங்க அண்ணா" என்று மட்டும் சொல்லி, தாளில் அந்த வரியைத் தானே அடித்தாள். அதன் பிறகுதான் அவர் சரியாகப் பேசவே ஆரம்பித்தார்.

கடைசியில் மூன்று மிஞ்சின. பின் அறைத் தார்சு. செப்டிக் டேங்க் சுவரில் கசிவு. எர்த் இல்லாத பழைய ஒயரிங். சுவிட்ச் போர்டுகள் எல்லாம் புதிதாக இருந்தன, உள்ளே ஓடிய ஒயர் பழசு.

தார்சைப் பற்றிப் பேச்சு வந்தபோது மகன், "அது இந்த மழையிலதாங்க ஆரம்பிச்சிருக்கும்" என்றார். அவர் ஊரில் இல்லாதவர், அவருக்கு அப்படித்தான் தெரியும். திண்ணையில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா எழுந்து உள்ளே வந்தார். "வாத்தியாருங்க இருக்கறப்ப எதுக்குப் பொய் சொல்லோணும். அந்த ரூம்புல அஞ்சாறு வருசமாவே ஐப்பசி மாசம் நாங்க யாரும் படுக்கறதில்லீங்க. இவங்கப்பா இருந்த வரைக்கும் மேல தார்பாய் விரிச்சுடுவாரு. நீ சின்னப்புள்ளைய வெச்சிருக்கற அம்மிணி, அதுல தொட்டில் கட்டிராத" என்றார்.

55ஆவது பிரிவைச் சட்டப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு அது வெறும் வாசகம். ஒப்பந்தம் முறிந்தால் தன் மகனுக்கு நஷ்டம் என்று தெரிந்தும் அந்த அம்மா அதை வாய்விட்டுச் சொன்னார். அதற்கு மேல் யாரும் யாரோடும் வாதம் செய்யவில்லை.

பிறகு கணக்கு. இரண்டு மேஸ்திரிகளிடம் தனித்தனியாக மதிப்பு வாங்கி, சராசரி எடுத்தோம். தார்சு வேலை 85,000. அதில் துருப்பிடித்த கம்பியைச் சுத்தம் செய்து கான்கிரீட்டைச் சரிசெய்வது 60,000, மேலே புதிதாகத் தட்டோடு பதிப்பது 25,000. செப்டிக் டேங்க் 30,000. ஒயரிங் 45,000.

கம்பி வேலை கட்டடத்தின் உயிர், முன்பே தெரிந்த குறையும்கூட. முழுவதும் விற்கிறவர் பங்கு. தட்டோடு அப்படியில்லை. பழையதற்குப் பதில் புதியது வருகிறது, அதன் பலன் வாங்குகிறவருக்கு இன்னும் பல வருடம் கிடைக்கும். அதனால் பாதிப் பாதி. செப்டிக் டேங்க் மண்ணுக்கடியில் மறைந்திருந்தது, விற்கிறவர் பங்கு. ஒயரிங் மறைந்திருந்ததுதான், ஆனாலும் 1986 வீட்டில் ஒயர் பழசாக இருக்கும் என்று யாரும் ஊகிக்கலாம், பாதிப் பாதி. ஆக 60,000 + 12,500 + 30,000 + 22,500 = 1,25,000. விலை 36,75,000 ஆயிற்று.

"நானே ஆள் வெச்சு சரி பண்ணிக் கொடுத்துடறேன்" என்றுதான் மகன் முதலில் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். இது எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம். விற்றுவிட்டுப் போகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இன்னொருவர் குடியிருக்கப் போகும் தார்சுக்குக் குறைந்த செலவில் முடியும் வழியைத்தான் தேடுவார். மேலே ஒரு கோட்டிங் அடித்தால் இந்த மழைக்குத் தாங்கும். கம்பியில் இருக்கும் துரு உள்ளே பருத்துக்கொண்டே போகும், அடுத்த வருடம் கான்கிரீட் மறுபடியும் பிளக்கும். அப்போது "சரி பண்ணித்தானே கொடுத்தேன்" என்பார் அவர், "பண்ணினது சரியில்லை" என்பார் இவர். பணமாகக் கழித்துக்கொண்டால் வேலை எப்படி நடக்கிறது என்பதை அங்கே குடியிருக்கப் போகிறவரே பார்த்துக்கொள்ளலாம். விற்கிறவருக்கும் அத்தோடு பொறுப்பு முடிந்தது.

ஒரே ஒரு வேலையை மட்டும் விற்கிறவர் தலையில் வைத்தோம். பக்கத்து வீட்டு மாடித் தண்ணீர்க் குழாய் இந்த வீட்டுத் தார்சு மேல் கொட்டிக்கொண்டிருந்தது. ஒழுகலுக்கு அதுவும் ஒரு காரணம். புதிதாகக் குடிவருகிறவர் முதல் வாரமே போய் "உங்க குழாயைத் திருப்புங்க" என்றால் அந்தத் தெருவில் ஆயுசுக்கும் மனஸ்தாபம். முப்பது வருடப் பழக்கத்தில் அந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னார், இரண்டு நாளில் குழாய் தெருப் பக்கம் திரும்பியது. வீட்டு வரி பாக்கி, அம்மா பெயரில் இருந்த மின் இணைப்பு இதுபோன்றவையும் விற்கிறவர்தான் முடிக்க வேண்டியவை. அவர் கையெழுத்து இல்லாமல் நடக்காத எதையும் பதிவு நாளுக்குப் பின் தள்ளாதீர்கள்.

பேசி முடித்ததை அங்கேயே எழுதினோம். முதல் ஒப்பந்தம் பதிவானது என்பதால், விலை மாறியதை வக்கீல் மூலம் முறைப்படி எழுதிக்கொண்டார்கள். வங்கிக்கும் சொன்னார்கள். விலை குறைந்தால் கடன் தொகையும் மாறலாம், கடைசி நாளில் சொன்னால் பதிவே தள்ளிப்போகும். குறைத்த விலையைத்தான் பத்திரத்திலும் காட்டினார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதத்தில் வாங்குகிறவருக்கு 11,250 ரூபாய் மிச்சம். அரசு வழிகாட்டி மதிப்புக்கு மேலே விலை இருந்ததால் இது முடிந்தது. "பழுதுப் பணத்தைத் தனியாகக் கையில கொடுத்துடறேன்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ரொக்கமாகப் போனதற்கு சாட்சியும் இருக்காது.

பதிவு நாள் காலையில், சப்ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போவதற்கு முன், இரு வீட்டாரும் ஒருமுறை வீட்டைச் சுற்றி வந்தார்கள். மோட்டார், மீட்டர், கதவு ஜன்னல் எல்லாம் பேசியபடி இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டார்கள். பழைய வீடுகளில் தேக்குக் கதவையும் ஊஞ்சல் கொக்கியையும் கழற்றிக்கொண்டு போனதால் வந்த சண்டைகளை நான் பார்த்திருக்கிறேன். எது வீட்டோடு, எது எடுத்துப்போக என்பதையும் முன்பே எழுதிவிடுங்கள்.

டல்லாஸில் இருக்கும் நம் மாணவர் ஒருவர் இந்தக் கதையைப் போனில் கேட்டுவிட்டு, "சார், இங்கே இதுக்கே ஒரு முறை இருக்கு" என்றார். அமெரிக்காவில் ஒப்பந்தம் ஆனதும், வீட்டைச் சோதிப்பதையே தொழிலாகச் செய்யும் ஒருவரைக் கூட்டிவந்து தார்சு முதல் சாக்கடை வரை பார்த்து அறிக்கை வாங்குவது வழக்கம். டெக்சாஸ் மாநிலத்தில் வாங்குகிறவர் ஒரு சிறு தொகையை விற்கிறவருக்குத் தனியாகக் கொடுத்து, குறிப்பிட்ட சில நாட்களுக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் விலகும் உரிமையை வாங்கிக்கொள்ளலாம். அந்த நாட்களுக்குள்தான் பழுது கேட்பது, விலை குறைப்பது எல்லாம் நடக்குமாம். அங்கே அதைக் கேட்பதால் யாருக்கும் கோபம் வருவதில்லை, ஏனென்றால் கேட்பதற்கென்று ஒப்பந்தத்திலேயே நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் ஊரில் அந்த நாள் இல்லை. அதனால் எப்போது கேட்டாலும் பேச்சு மாறியதாக ஆகிவிடுகிறது.

நாமும் அந்த நாளை உண்டாக்கிக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை. கிரய ஒப்பந்தத்தில் இந்தப் பொருள்பட இரண்டு மூன்று வரி சேர்க்கச் சொல்லுங்கள். "இந்த ஒப்பந்தத் தேதியிலிருந்து பதினைந்து நாட்களுக்குள் வாங்குபவர் தகுதியுள்ள பொறியாளரைக் கொண்டு வீட்டைச் சோதித்துக்கொள்ளலாம். கட்டடத்தின் உறுதியைப் பாதிக்கும் குறை தெரியவந்தால் அதற்கான செலவை இரு தரப்பும் பேசி விலையில் கழித்துக்கொள்வது. உடன்பாடு ஏற்படாவிட்டால் முன்பணத்தை முழுவதும் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை ரத்து செய்துகொள்வது." உங்கள் வக்கீல் இதைச் சட்ட மொழியில் சரியாக எழுதிக்கொடுப்பார். வெற்றிலை பாக்கு மாற்றும்போதே இது பேச்சில் இருந்தால், பிறகு கேட்பது பேச்சு மாறுவது ஆகாது, பேசியபடி நடப்பதாகும்.

"வங்கியிலிருந்து ஆள் வந்து பார்த்தாங்களே சார்" என்று சிலர் கேட்கிறார்கள். வங்கி மதிப்பீட்டாளர் வருவது, கொடுக்கும் கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்று பார்க்க. உங்கள் பின் அறை ஒழுகுகிறதா என்று பார்க்க அல்ல.

சென்னையிலும் பெங்களூரிலும் புது ஃபிளாட் வாங்கும் பிள்ளைகளுக்கு வேறு பாதுகாப்பு உண்டு. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரியவந்து நீங்கள் தெரிவித்தால், கட்டிக்கொடுத்த நிறுவனம் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். எனவே ஒப்படைப்பு நாள் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், குறைகளை எழுத்தில் தெரிவியுங்கள். ஆனால் ஒருவர் குடியிருந்த பழைய வீட்டை அவரிடமிருந்து வாங்கும்போது இந்த 5 வருடக் கணக்கைக் காட்டி அவரைக் கேட்க முடியாது. அங்கே 55ஆவது பிரிவும் உங்கள் ஒப்பந்தமும் உங்கள் கண்ணும்தான்.

விற்கும் நிலையில் இருக்கும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டின் குறையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். விலை கொஞ்சம் குறையலாம். ஆனால் அட்வான்ஸுக்குப் பிறகு வாங்குகிறவர் தானாகக் கண்டுபிடித்தால், ஒரு ஒழுகலோடு சேர்த்து இல்லாத பத்துக் குறைகளையும் சந்தேகப்படுவார். பட்டியல் வந்தால் உடனே பதில் போடாதீர்கள். ஒருநாள் விட்டு, "எது ஆபத்து, எது அழகு என்று பிரித்துக்கொண்டு வாருங்கள், பேசுவோம்" என்று சொல்லுங்கள்.

வாங்குகிறவர்களே, 23 எழுதாதீர்கள். நான்கு எழுதுங்கள். பெயின்டையும் கொக்கியையும் சேர்த்து எழுதினால் தார்சு ஒழுகல் அதற்குள் காணாமல் போய்விடும். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், நேரில் போய், வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போது, அந்த வீட்டைக் கட்டியவரைப் பற்றி முதலில் விசாரித்துவிட்டுப் பிறகு கேளுங்கள். பேசி முடித்ததை மட்டும் மறக்காமல் எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது வீடு பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் யாராவது இருந்தால், மழை நாளில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். சொந்த அனுபவம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கும் உதவும். எல்லோரும் நலமாக இருங்கள்.